அழுகலை முதலில் காண்பவன் தொழிலாளி!

கெட்டுப்போன உணவுக்கும் ஒரு முகவரி உண்டு. நாற்றமெடுத்த இறைச்சி, புழு நெளியும் மாவு, பூசணம் பூத்த பருப்பு ஆகிய இவை சீமான்களின் சாப்பாட்டு மேஜையைத் தேடிப் போவதில்லை. மலிவான சாமானைத் தேடி அலைபவன் வீட்டு அடுப்பைத்தான் தேடி வருகின்றன. ஆலையில் பஞ்சோடும் தூசோடும் மல்லுக்கட்டுகிறவனும், வயலில் சேற்றோடு போராடுகிறவளும்தான் இந்தச் சரக்கின் நிரந்தர வாடிக்கைக்காரர்கள்.

சர்க்கார் அதிகாரி வந்தார், கெட்ட சரக்கைப் பறிமுதல் செய்தார், குழி தோண்டிப் புதைத்தார், மேலே பினாயிலை ஊற்றினார் என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. படிக்கும்போது மனதுக்குத் திருப்தி ஏற்படுகிறது. ஏற்பட வேண்டியதுதான். விஷமாகிவிட்ட உணவு ஜனங்களின் வயிற்றுக்குப் போகாமல் தடுக்கப்படுவது நல்ல காரியம். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் செய்தி முடிகிற இடத்தில்தான் நமது கேள்வி பிறக்கிறது. அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? கெட்டது என்று தெரிந்தே அனுப்பியவன் யார்? பிடிபட்ட மூட்டைக்கு முந்திப் போன மூட்டைகளைத் தின்றவர்கள் யார்? அது கெட்டுப்போன விஷயம் அதிகாரிக்குத் தெரியுமுன் யாருக்குத் தெரிந்திருந்தது?

இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டுமானால், பறிமுதல் செய்யும் சட்டங்கள் பிறந்த கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கதை முதலில் நம்மை இங்கிலாந்தின் பஞ்சாலை நகரத்துக்கும், பிறகு அமெரிக்காவின் கசாப்புக் கொட்டடிகளுக்கும் அழைத்துச் செல்கிறது.

மாஞ்செஸ்டரின் சனிக்கிழமை இரவு

1842ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரெடரிக் எங்கெல்ஸ் மாஞ்செஸ்டர் நகருக்கு வந்தார். ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அங்கே தங்கித் தொழிலாளர் குடியிருப்புகளில் நுழைந்து, கண்டதையும் கேட்டதையும் 1845இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையைப் பற்றிய அந்நூலில் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அவர் காட்டும் கணக்கு எளிமையானது. மில் தொழிலாளிக்குச் சம்பளம் கைக்கு வருவது பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில். அவன் சந்தைக்குப் போய்ச் சேருமுன்பே, காலையில் வந்த நடுத்தர வர்க்கத்தார் நல்ல சரக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நல்லது மிச்சமிருந்தாலும் அதற்குக் கொடுக்க அவனிடம் காசு இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. திங்கட்கிழமை வரை தாங்காத இறைச்சியை இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதுதான் ஏழையின் ஞாயிற்றுக்கிழமை விருந்து!

அந்நகரத்தில் சந்தை அதிகாரிகள் இல்லாமலில்லை. கெட்ட இறைச்சியைப் பறிமுதல் செய்யும் பழைய நகர நீதிமன்றமும் இருந்தது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே அமர்வில் பதினோரு இறைச்சி வியாபாரிகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டதை எங்கெல்ஸ் பதிவு செய்திருக்கிறார். முழு மாடுகள், பன்றிகள், ஆடுகள் என்று கெட்ட சரக்கு கைப்பற்றப்பட்டது. ஒரு வழக்கில் கிறிஸ்துமஸுக்காகத் தயார் செய்த 64 வாத்துக்கள்! லிவர்பூலில் விலைபோகாததால் அவை மாஞ்செஸ்டருக்கு அனுப்பப்பட்டன.

ஏன் மாஞ்செஸ்டருக்கு? அங்கே மில் தொழிலாளிகள் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒரு ஊரில் விற்காதது இன்னொரு ஊரின் ஏழைக்குப் போதும் என்பது வியாபாரியின் தர்மம். அதிகாரியின் கண்ணில் பட்டது 64 வாத்துக்கள். படாதவை எத்தனை என்று எந்த நீதிமன்றமும் எண்ணவில்லை.

இங்கிலாந்தின் ஆட்சியாளர்கள் 1860இல் கலப்படத்துக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். பரிசோதகரை நியமிப்பது உள்ளூர் சபைகளின் இஷ்டம் என்று விட்டுவிட்டதால் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் கொஞ்சம் பல்லோடு வந்தது. சுகாதார அதிகாரி கடைக்குள் நுழையலாம். கெட்ட உணவைக் கைப்பற்றலாம். மாஜிஸ்திரேட் அதை அழிக்க உத்தரவிடலாம். ஒவ்வொரு துண்டு இறைச்சிக்கும் இருபது பவுன் வரை அபராதம் போடலாம், அல்லது மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். எங்கெல்ஸ் எழுதியதற்கும் இச்சட்டத்துக்கும் இடையில் முப்பது ஆண்டுகள்! அதாவது, ஒரு முழுத் தலைமுறை மில் தொழிலாளி அழுகலைத் தின்று தீர்த்த பிறகு வந்த சட்டம்.

சிகாகோவில் கிளம்பிய நாற்றம்

இனி அமெரிக்காவுக்கு வருவோம். சிகாகோ நகரின் கசாப்புக் கொட்டடிகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் உலகம் முழுவதற்கும் டின் இறைச்சி அனுப்பிக்கொண்டிருந்தன. 1904ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து தோற்கடிக்கப்பட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் அப்டன் சின்கிளேர் என்ற இளம் எழுத்தாளர் அங்கே சென்று ஏழு வாரங்கள் தொழிலாளர்களோடு பழகினார். அவர் எழுதிய ‘ஜங்கிள்’ என்ற நாவல் 1905இல் ஒரு சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, 1906இல் புத்தகமாயிற்று.

கெட்ட இறைச்சி எப்படிக் கொத்துக்கறியாக மாறுகிறது, நோய் கண்ட மாடு எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பதெல்லாம் சின்கிளேருக்கு எப்படித் தெரிந்தது? ரசாயன நிபுணர் சொல்லியா? இல்லை, தொழிலாளர்கள் சொன்னார்கள். தினமும் அந்த இறைச்சியை வெட்டியவர்களும் அடைத்தவர்களும் சுமந்தவர்களும் சொன்னார்கள்.

நாடே கொதித்தது. ஆனால் எதைக் கண்டு கொதித்தது? தொழிலாளியின் நரக வாழ்வைக் கண்டு ஜனங்கள் பொங்குவார்கள் என்று சின்கிளேர் எதிர்பார்த்தார். அவர்களோ தங்கள் தட்டிலிருந்த இறைச்சியை நினைத்துப் பொங்கினார்கள். இதை அவரே பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய இருவர் குழு சிகாகோவைப் பார்த்துவிட்டு வந்து கொடுத்த அறிக்கையும் நாவலாசிரியர் பொய் சொல்லவில்லை என்பதை மெய்ப்பித்தது. சர்க்காரின் ரசாயன இலாகாத் தலைவர் ஹார்வி வைலி, உணவில் சேர்க்கும் கெடாமருந்துகள் உடம்பை என்ன செய்கின்றன என்று 1902 முதலே வாலிபர்களுக்கு அவற்றைக் கொடுத்துச் சோதித்துவந்தார். எல்லாம் சேர்ந்து, 1906 ஜூன் 30ஆம் தேதி இரண்டு சட்டங்கள் கையெழுத்தாயின. ஒன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டம். மற்றொன்று தூய உணவு, மருந்துச் சட்டம்.

இறைச்சி முதலாளிகள் சும்மா இருந்துவிடவில்லை. டின்னில் அடைத்த தேதியை மேலே அச்சிட வேண்டும் என்று மசோதாவில் முதலில் இருந்தது. அதை எடுக்க வைத்தார்கள். பரிசோதனைச் செலவைக் கம்பெனிகள் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அதைச் சர்க்கார் கஜானாவின் தலையில் கட்டினார்கள். ஒரே மாநிலத்துக்குள் வெட்டி அங்கேயே விற்கிற இறைச்சியை இச்சட்டம் தொடவேயில்லை. அதைக் கட்டுப்படுத்த மத்தியச் சட்டம் வர 1967ஆம் ஆண்டு ஆயிற்று!

குற்றவாளிக் கூண்டில் முட்டை டின்

தூய உணவுச் சட்டத்தின்படி, அழுகிய, அருவருப்பான, நாற்றமெடுத்த பொருள் முழுவதுமாகவோ பகுதியாகவோ கலந்த உணவு கலப்பட உணவாகும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் அத்தகைய சரக்கைக் கைப்பற்றச் சர்க்கார் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. வழக்கின் பிரதிவாதி மனிதனல்ல, சரக்கு! அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் ஐம்பது டின் முட்டைக்கும் வழக்கு, 625 மூட்டை மாவுக்கும் வழக்கு என்கிற தோரணையிலேயே நீதிமன்ற ஏடுகள் எழுதப்பட்டன.

அந்த ஐம்பது டின் முட்டையின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து இல்லினாய்ஸ் மாநிலத்தின் பியோரியா நகருக்கு, ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு அவை போய்ச் சேர்ந்தன. உடைத்து ஊற்றிய முட்டை. கெடாமலிருக்கப் போரிக் அமிலம் கலந்தது. சர்க்கார் கைப்பற்றியது. முட்டைக் கம்பெனி எதிர்த்து வழக்காடியது. சரக்கு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, ரொட்டிக் கிடங்கில் இறங்கிவிட்டது, இனி அதைத் தொடச் சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று வாதாடினார்கள். வண்டியில் இருந்தால் திருட்டுச் சாமான், வீட்டுக்குள் வந்துவிட்டால் சொந்தச் சாமான் என்கிற வாதம்! 1911இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. வாணிபத்திலிருந்தே விலக்கப்பட்ட சரக்கு, ரயிலை விட்டு இறங்கிவிட்டதாலேயே நல்ல சரக்காகிவிடாது. அதைக் கிடங்கிலும் கைப்பற்றலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குச் செலவும் கம்பெனியின் தலையில் விழுந்தது.

இது நியாயமான தீர்ப்பு. இத்தகைய அதிகாரம் இருந்ததால்தான் அழுகிய தக்காளிக் கூழும் கெட்ட முட்டையும் பல ஆண்டுகள் அந்நாட்டில் பிடிபட்டு அழிக்கப்பட்டன. தீர்ப்புகளை அச்சிட்டு வெளியிடவும் சட்டம் வழி செய்தது. எந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கு பிடிபட்டது என்பது பகிரங்கமாயிற்று. இந்த நல்ல அம்சத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

பிடிபட்டது சரக்கு, தப்பியது யார்?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கெட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவனுக்கு முதல் குற்றத்துக்கு உச்சபட்ச அபராதம் 200 டாலர். சிறை என்ற பேச்சு இரண்டாவது குற்றத்திலிருந்துதான். பெரிய கம்பெனிக்கு 200 டாலர் என்ன பிரமாதம்? சணல், ஆணி, பெட்டிச் செலவோடு அதையும் ஒரு செலவாக எழுதிக்கொள்வான். கைப்பற்றிய சரக்கையும், செலவைக் கட்டிவிட்டு, சட்டவிரோதமாக விற்கமாட்டேன் என்று ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தால், சொந்தக்காரன் திரும்ப எடுத்துப் போக வழி இருந்தது.

625 மூட்டை மாவு வழக்கில், மாவை வெளுக்க வைக்க ரசாயன வாயுவைப் பயன்படுத்தினார்கள் என்று சர்க்கார் குற்றம் சாட்டியது. 1914இல் உச்சநீதிமன்றம், அந்தச் சேர்க்கை உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்பதைச் சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும் என்று கூறிவிட்டது. அதாவது, கலந்தவன் நிரூபிக்க வேண்டியதில்லை. காக்க வந்தவன் நிரூபிக்க வேண்டும்!

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை வேறொன்று. இறைச்சிக் கூடம் தவிர மற்ற உணவுத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து பார்க்க 1906ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரியை அனுமதிக்கவில்லை. அந்த அதிகாரம் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் சர்க்கார் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற டின்னை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது! உள்ளே அழுகல் தக்காளியைக் கூழாக்கிய பெண்ணுக்கும் கெட்ட முட்டையை நல்ல முட்டையோடு சேர்த்து ஊற்றிய பையனுக்கும் முதல் நாளே உண்மை தெரியும். அவர்களிடம் யார் கேட்டார்கள்? வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற நிலையில் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அழுகலை முதலில் காண்பவன் தொழிலாளி. கடைசியில் அதைத் தின்பவனும் அவனே. இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் சட்டம் நிற்கிறது. அவனைச் சாட்சியாகக்கூட அது அழைப்பதில்லை. வேலைப் பாதுகாப்பும் சங்க உரிமையும் இல்லாத இடத்தில் உணவுச் சட்டம் ஒற்றைக்கண் சட்டமாகவே இருக்கும்.

நமது நாட்டில்

இந்தியாவில் மாகாணத்துக்கு ஒரு சட்டமாக இருந்த நிலைமை மாறி, 1954இல் நாடு முழுவதற்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1955 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. உணவு இன்ஸ்பெக்டர் மாதிரி எடுக்கவும் சரக்கைக் கைப்பற்றவும் அது அதிகாரம் கொடுத்தது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம், பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று தண்டனையைக் கடுமையாக்கியது. 2011இல் அச்சட்டத்தின் இடத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் வந்தது. பாதுகாப்பற்ற உணவை விற்று, யாருக்கும் தீங்கு நேராமல் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று அது சொன்னது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை மூன்று மாதமாகக் குறைத்தது. அபராத வரம்பை மூன்று லட்சமாக உயர்த்தியது.

போக்கு எந்தத் திசையில் போகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சிறை என்றால் சீமானும் நடுங்குவான். அபராதம் என்றால் பெரியவன் கட்டிவிட்டுப் போவான். சின்னவன் கடையை மூடுவான். கூடையில் மீன் சுமந்து விற்கும் கிழவியின் சரக்கைத் தெருவில் கொட்டி அழிப்பது சுலபம். அவளுக்கு நாலு நாள் பழசான மீனை ஏலத்தில் தள்ளிவிட்ட மொத்த வியாபாரியின் குளிர்கிடங்கைத் திறக்கச் சொல்வதுதான் கஷ்டம். கெட்ட மீனை அந்தக் கிழவி விற்கலாம் என்று நாம் சொல்லவில்லை. அவளோடு விசாரணை நின்றுவிடக் கூடாது என்கிறோம். லிவர்பூலிலிருந்து வாத்தை அனுப்பியவனைக் கேட்காமல் மாஞ்செஸ்டர் கடைக்காரனை மட்டும் பிடிப்பதால் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் நமது கோரிக்கைகள் தெளிவானவை. கெட்ட சரக்கு பிடிபட்டால், அது வந்த வழியை ஆரம்பம் வரை துருவி, உற்பத்தி செய்தவன் மீதும் மொத்தமாக விற்றவன் மீதும் வழக்குப் போட வேண்டும். குற்றம் நிரூபணமான கம்பெனிகளின் பெயர்களை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். உணவுத் தொழிற்சாலையில் நடப்பதை வெளியே சொல்லும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஆலைக் கான்டீன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்லும் செல்வாக்கும் இருக்க வேண்டும்.

நாமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இன்றுள்ள சட்டத்திலேயே ஒரு ஆயுதம் இருக்கிறது. சாமான் வாங்கும் எவரும் அதைச் சர்க்கார் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டத்துக்கு மாறானது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு கூலிக்காரன் தனியாக இந்தக் கட்டணத்தைக் கட்டுவது கஷ்டம். சங்கம் கட்டலாம், பத்து வீடு சேர்ந்து கட்டலாம்.

கான்டீனில் ஊசிய சாம்பார் வந்தாலோ, ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டாலோ, முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போகாதீர்கள். கோபத்தில் கீழே கொட்டியும் விடாதீர்கள். கொட்டிவிட்டால் சாட்சியம் போயிற்று. கொஞ்சத்தைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வையுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குச் சங்கத்தின் பெயரில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் அரிசியைப் புடைப்பவர்கள் பெண்கள். அழுகலை முதலில் காண்பவர்கள் அவர்களே. அவர்கள் சொல்வதைச் சங்கக் கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஞ்செஸ்டர் மில் தொழிலாளிக்குச் சனிக்கிழமை இரவில் வாயில்லை. சிகாகோத் தொழிலாளிக்கு வாயிருந்தும் அவனைக் கேட்பாரில்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது. அதிகாரியின் ஜீப் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. கெட்ட சரக்கைக் கண்ட இடத்தில் நிறுத்துவோம். அனுப்பியவனின் பெயரைக் கேட்போம். பதில் வரும் வரை ஒன்றாக நிற்போம்!